செமஸ்டர் நடுவில் பணம் போதவில்லை: கார்டா, கடனா, கைமாற்றா, வேலையா?

"செமஸ்டர் முடிய இன்னும் பாதிக் காலம் இருக்கிறது. கையில் இருப்பது அதுவரை வராது. என்ன செய்வது?" மாணவர்கள் கேட்கும் பணக் கேள்விகளில் இதுதான் முன்னால் நிற்கிறது. சொந்த நாட்டில் படிப்பவர் என்றால் அடுத்த வரி பெரும்பாலும் "கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்ளலாமா?" என்று இருக்கும். வெளிநாட்டில் படிப்பவர் என்றால் "வீட்டில் கேட்கவா, இங்கேயே கடன் வாங்கவா, இன்னும் சில மணி நேரம் வேலை பார்க்கவா?" என்று வரும்.

இருவருக்கும் பொதுவாக ஒரே வழியைக் காட்டிவிட முடியாது. ஒருவருக்குக் கைகொடுக்கும் அதே கார்டு இன்னொருவருக்குப் பல வருடச் சுமையாகிவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான்.

## தாமதமா, துண்டு விழுகிறதா?

வழிகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பணம் தாமதமாவது வேறு, கணக்கில் துண்டு விழுவது வேறு.

உதவித்தொகை அடுத்த மாதம் 10ஆம் தேதி வரும், வாடகை இந்த மாதம் 1ஆம் தேதி கட்ட வேண்டும் என்றால் அது தாமதம். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது இரண்டும் தெரியும். இடையில் இருக்கும் நாட்களைத் தாண்டினால் போதும். வர வேண்டிய பணமெல்லாம் வந்த பிறகும் மாதச் செலவில் ஒரு பகுதிக்குப் பணம் இல்லை என்றால் அது துண்டு. இந்த மாதம் எப்படியோ சமாளித்தாலும் அடுத்த மாதமும் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

மாணவர்கள் கடனில் சிக்குவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் என்பது என் உறுதியான எண்ணம். சில வாரத் தாமதத்தைத் தாண்டுவதற்காக உண்டான கார்டை, மாதாமாதம் விழும் துண்டை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். கார்டு அதற்கு ஆனதல்ல. வட்டி குட்டி போட ஆரம்பித்த பிறகு, முதலில் விழுந்த துண்டு எவ்வளவு என்பதே மறந்துபோகும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, செமஸ்டர் முடியும் வரை நிச்சயமாக வரும் பணத்தை ஒரு பக்கமும் தவிர்க்கவே முடியாத செலவை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். "வரலாம்" என்ற பணத்தை எழுதாதீர்கள். கூட்டிப் பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

## ஒப்பிட ஐந்து கேள்விகள்

எந்த வழியானாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. முழுதாகத் தீரும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? (மாதத் தவணை எவ்வளவு என்பது இதற்குப் பதிலாகாது.)
2. ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்?
3. எந்த நாணயத்தில் வாங்குகிறேன், எந்த நாணயத்தில் சம்பாதித்துக் கட்டுவேன்?
4. என்னைத் தவிர வேறு யார் தலையில் இது விழும்?
5. படிப்புக்கோ விசாவுக்கோ இதனால் ஆபத்து உண்டா?

விளம்பரங்கள் வட்டி விகிதத்தைப் பற்றியே பேசும், அதனால் நாமும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். வெளிநாட்டு மாணவருக்கு இரண்டாவதும் ஐந்தாவதும்தான் முதலில் வர வேண்டியவை. சொந்த நாட்டு மாணவருக்குத் தவணை தவறினால் அபராதமும், கெட்டுப்போன கடன் வரலாறும் (கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவு) மிஞ்சும். வெளிநாட்டு மாணவர் கல்லூரிக் கட்டணத்தைத் தவறவிட்டால், பதிவு ரத்தாகி, அந்தப் பதிவை நம்பி நிற்கும் விசாவும் ஆட்டம் காணலாம்.

## கிரெடிட் கார்டு

கார்டு மோசமானது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். பில்லை முழுதாக, தேதிக்குள் கட்டிவிடுகிறவருக்கு அது சில வாரங்களுக்கு வட்டியில்லாக் கடன். கூடவே, கடன் வரலாறே இல்லாத ஒருவருக்கு ஒரு வரலாறும் உருவாகிறது. புது நாட்டுக்கு வந்த மாணவருக்குப் பின்னாளில் வீடு வாடகைக்கு எடுக்கவும் போன் இணைப்பு வாங்கவும் அது உதவும்.

சிக்கல் பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்ற வரியில் இருக்கிறது, அதாவது இந்த மாதம் இதை மட்டும் கட்டினாலும் போதும் என்ற தொகையில். மக்களின் கடன் அறிவை அளப்பதற்காகப் பொருளாதார ஆய்வாளர்கள் அன்னமரியா லுசார்டியும் பீட்டர் துஃபானோவும் அமெரிக்காவில் ஒரு கேள்வி கேட்டார்கள். கார்டில் 3,000 டாலர் பாக்கி. ஆண்டு வட்டி 12 சதவீதம், அதாவது மாதத்துக்கு 1 சதவீதம். மாதம் 30 டாலர் மட்டும் கட்டுகிறீர்கள், புதிதாக எதுவும் வாங்கவில்லை. கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும்? தீரவே தீராது என்பதுதான் விடை. மாத வட்டியே 30 டாலர், அசலில் ஒரு காசு குறையாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் சொன்னார்கள்.

நடைமுறையில் குறைந்தபட்சத் தொகை வட்டியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அப்படியே வைத்துப் பார்ப்போம். பாக்கி 50,000, மாத வட்டி 3 சதவீதம், மாதாமாதம் பாக்கியில் 5 சதவீதம் கட்டுகிறீர்கள். பாக்கி 25,000 ஆகக் குறையவே சுமார் 32 மாதம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய 60,000. வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிவிட்டீர்கள், பாதிக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது. படிப்பே முடிந்திருக்கும்.

வெளியே தெரியாத செலவுகள் இன்னும் உண்டு. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் வட்டியில்லா நாட்கள் கிடையாது, பெரும்பாலும் எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும், கட்டணமும் தனி. சொந்த நாட்டுக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேரும். பல கார்டுகளில் இது 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கடையில் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கி தருவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் 2009இல் வந்த கார்டு சட்டம், 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சொந்த வருமானமோ உடன் கையொப்பமிடுபவரோ இல்லாமல் கார்டு தரக் கூடாது என்றது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்பதை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பில்லில் அந்த வரி இருந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

யாருக்குச் சரி: தாமதம் மட்டும் இருப்பவருக்கு, பணம் வரும் தேதி பில் தேதிக்கு முன்னால் இருந்தால். துண்டு விழுகிறவருக்கு வேண்டாம்.

## இப்போது வாங்கு, பிறகு கட்டு

ஒரு பொருளின் விலையை நான்கு தவணையாகப் பிரித்து ஆறு வாரத்தில் கட்டும் சேவைகள் பல ஆன்லைன் கடைகளிலும் வந்துவிட்டன. வட்டி இல்லை என்பது பல இடங்களில் உண்மைதான். தவறினால் அபராதம் என்பதும் உண்மை. 1,000க்கு வாங்கி 250 வீதம் கட்டுகிறீர்கள். ஒரு தவணை தவறி 50 அபராதம் விழுகிறது, இரண்டு வாரம் கழித்துக் கட்டுகிறீர்கள். 250க்கு இரண்டு வாரத்தில் 20 சதவீதம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 500 சதவீதத்தைத் தாண்டும்.

ஒன்று மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். நான்கு செயலிகளில் ஏழு தவணைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி என்று ஆகும்போதுதான் கணக்கு கைநழுவுகிறது. லேப்டாப் போல ஒரே ஒரு அவசியப் பொருளுக்கு என்றால் சரி. மாதச் செலவுக்கு இதை நாடுகிறீர்கள் என்றால் உங்களுடையது துண்டு, தாமதமல்ல.

## கல்விக்கடன்

துண்டு விழுகிறவருக்கு உண்மையில் பொருந்தும் கருவி இதுதான். நீண்ட காலம், குறைந்த வட்டி, படிப்பு முடிந்த பிறகு தவணை. ஆனால் சொந்த நாட்டு மாணவரும் வெளிநாட்டு மாணவரும் முற்றிலும் பிரிந்துபோகும் இடமும் இதுவே.

சில நாடுகளில் அரசு தரும் மாணவர் கடன் மற்றக் கடன்களைப் போன்றதே அல்ல. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலிருந்து படிப்பைத் தொடங்கிய உள்நாட்டு மாணவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான், தாண்டிய பகுதியில் 9 சதவீதம் கட்ட வேண்டும். 40 ஆண்டுக்குப் பிறகு மிச்சம் தள்ளுபடி. ஆஸ்திரேலியாவில் 1989இல் வந்த ஹெக்ஸ் என்ற மாணவர் கடன் திட்டத்தின் வழியில் இன்றும் வட்டி கிடையாது. விலைவாசிக்கோ ஊதிய உயர்வுக்கோ ஏற்பக் கடன் தொகை ஆண்டுதோறும் உயர்த்தப்படும், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும். வேலை போனால் தவணையும் நிற்கும் கடன் இது. "அரசுக் கடன் பெரிய தொகை, பயமாக இருக்கிறது" என்று இதை விட்டுவிட்டுக் கார்டில் செலவு செய்யும் உள்நாட்டு மாணவர், பாதுகாப்பான கடனைத் தள்ளிவிட்டு ஆபத்தானதை எடுக்கிறார்.

மாணவர் விசாவில் வந்தவருக்கு இந்தக் கதவுகள் மூடியிருக்கும். அமெரிக்காவின் மத்திய அரசுக் கடனும் குடிமக்களுக்கும் தகுதி வரையறைக்குள் வரும் சில பிரிவினருக்கும்தான். மிஞ்சுவது இரண்டு: சொந்த நாட்டு வங்கியின் கடன், அல்லது படிக்கும் நாட்டில் ஒரு தனியார் கடன். இங்கேதான் மூன்றாவது கேள்வி முக்கியமாகிறது. படித்த நாட்டிலேயே வேலை பார்த்து, வலுவான நாணயத்தில் சம்பாதித்து ஊர்க் கடனைக் கட்டுபவருக்கு நாணய மாற்றம் சாதகம். படித்துவிட்டு ஊர் திரும்பி அந்நிய நாணயக் கடனைக் கட்டுபவருக்கு அதே மாற்றம் பாதகம். அந்த நாணயத்தின் விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால்கூட, ஐந்தாவது ஆண்டு முடிவில் அதே தவணைக்கு 22 சதவீதம் அதிகம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். திரும்பும் எண்ணம் உறுதியாக இருந்தால் ஊர் நாணயத்திலேயே கடன் வாங்குங்கள், வட்டி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி.

அப்புறம், படிப்புக் காலத்து வட்டி. "படிக்கும்போது எதுவும் கட்ட வேண்டாம்" என்பது சலுகைதான், ஆனால் வட்டி அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். 10,00,000 கடன், 10 சதவீத வட்டி, படிப்பும் காத்திருப்பும் சேர்ந்து இரண்டரை ஆண்டு, அதுவரை தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும்போது கடன் 12,50,000. பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 16,520. படிக்கும்போதே வட்டியை மட்டும், மாதம் சுமார் 8,330, கட்டி வந்திருந்தால் தவணை 13,215தான். முப்பது மாதத்தில் 2,50,000 கட்டிப் பிறகு ஏறக்குறைய 3,96,000 மிச்சப்படுத்துகிறீர்கள். முழு வட்டியும் முடியாவிட்டால் பாதியாவது கட்டுங்கள், அதற்கும் பலன் உண்டு.

நான்காவது கேள்வியையும் மறக்க வேண்டாம். உடன் கையொப்பமிட்டவர் அப்பா, அடமானம் குடும்பத்தின் வீடு என்றால், தவறும் தவணை அவர்களைத் தேடித்தான் போகும்.

யாருக்குச் சரி: துண்டு விழுகிறது, படிப்பு முடிந்தால் சம்பளம் வரும் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்பவருக்கு. அடுத்த வாரமே பணம் வேண்டும் என்பவருக்கு உதவாது, ஒப்புதலுக்கே வாரங்கள் ஆகும்.

## வீடும் நண்பர்களும்

வட்டி இல்லை, உடனே கிடைக்கும், தவறினால் அபராதமும் இல்லை. முதல் இரண்டு கேள்விகளில் இதை வெல்ல எதுவும் இல்லை. நான்காவதில்தான் அடி வாங்கும். வீட்டிலிருந்து வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் சொல்லாமல் அவர்கள் வெளியே அதிக வட்டிக்கு வாங்கி அனுப்புகிறார்கள் என்றால், குடும்பத்தின் மொத்தக் கணக்கில் அது கார்டைவிட மோசமாக இருக்கலாம். அதற்குப் பதில் கல்விக்கடனைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்பது எல்லோருக்கும் நல்லது.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கிக் கட்டணம் ஒரு பக்கம், மாற்று விகிதத்தில் பிடிப்பது இன்னொரு பக்கம். கட்டணம் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று இருந்தால், மாதாமாதம் சிறிதாக வாங்குவதைவிட செமஸ்டருக்கு ஒருமுறை சேர்த்து வாங்குவது லாபம்.

நண்பரிடம் கைமாற்று என்றால் தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் ஒரு செய்தியில் எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் நண்பரிடம் வாங்குவதைக் கூடியவரை தவிருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தால் உங்கள் பங்கு நின்றாலும் வீட்டுக்காரர் அவரிடமே கேட்பார்.

## பகுதிநேர வேலை

கடனே இல்லாத வழி என்பதால் இதுதான் சிறந்தது என்று தோன்றும். ஒரு அளவு வரை உண்மை. வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து துண்டை அடைக்க முடிந்தால் தயங்காமல் செய்யுங்கள். அதற்கு மேல் போகும்போது, ஒரு பாடத்தில் தோற்று அதற்கான கட்டணத்தை மறுபடியும் கட்டினால் எவ்வளவு ஆகும், அதைச் சம்பாதிக்க எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பல படிப்புகளில் ஒரு செமஸ்டர் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும்.

வெளிநாட்டு மாணவருக்கு மணி நேரம் சட்ட விஷயம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்புகள் நடக்கும் பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் சுயதொழிலாக இருக்கக் கூடாது. செயலி வழி உணவு விநியோகம் பெரும்பாலும் சுயதொழிலில்தான் வரும். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவகாலத்தில் வளாகத்துக்குள் 20 மணி நேரம், வெளியே என்றால் தனி அனுமதி வேண்டும். "ரொக்கமாகத் தருகிறேன், கணக்கில் வராது" என்று யாராவது சொன்னால், சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் உங்களால் புகார் செய்யத் துணிவு வராது என்பது அவருக்குத் தெரியும்.

## பலரும் கடைசியில் தட்டும் கதவு: கல்லூரி

இந்தப் பட்டியலில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். பல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் ஏற்பாடு உண்டு, அவசர நிதி உண்டு, வட்டியில்லாச் சிறு கடன் தருபவையும் உண்டு. உள்நாட்டவருக்கு மட்டும் என்று சில நிதிகள் இருக்கும், எல்லோருக்கும் திறந்தவையும் இருக்கும். கேட்டால்தான் தெரியும்.

கேட்கும் நேரம் முக்கியம். கெடு தேதிக்கு முன்பே எழுதினால் நீங்கள் ஏற்பாடு கேட்கும் மாணவர். தேதி கடந்த பிறகு எழுதினால் பாக்கி வைத்திருக்கும் மாணவர். கடிதத்தில் வேண்டியது நான்கே விஷயம்: எவ்வளவு குறைகிறது, ஏன், எப்போது வரும், எந்தத் தேதிகளில் எவ்வளவு கட்ட முடியும். வங்கிக் கணக்கு நகலையும் உதவித்தொகைக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். பன்னாட்டு மாணவர் அலுவலகம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், விசா பற்றிய கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | வெளியே தெரியாத செலவு | வெளிநாட்டு மாணவர் கவனிக்க |
|---|---|---|---|
| கல்லூரித் தவணை, அவசர நிதி | தாமதம், சிறு துண்டு | பதிவுக் கட்டணம், காத்திருப்பு | தகுதி உண்டா என்று கேட்கவும் |
| கிரெடிட் கார்டு | தாமதம் | குறைந்தபட்சத் தொகை, ஏடிஎம் வட்டி | செலாவணிக் கட்டணம் |
| பிறகு கட்டும் சேவை | ஒரே ஒரு அவசியப் பொருள் | அபராதம், பல தேதிகள் | கணக்கில் எப்போதும் இருப்பு வேண்டும் |
| கல்விக்கடன் | துண்டு | படிப்புக் காலத்து வட்டி | நாணய மாற்றம், உடன் கையொப்பம் |
| வீடு, கைமாற்று | தாமதம் | அவர்கள் கட்டும் வட்டி, உறவு | அனுப்பும் கட்டணம் |
| பகுதிநேர வேலை | சிறு துண்டு | தோற்கும் பாடம் | மணி நேர வரம்பு |

## ஏற்கெனவே பல இடத்தில் பாக்கி என்றால்

அதிக வட்டி உள்ளதை முதலில் அடையுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. உள்நாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் அது சரி. வெளிநாட்டு மாணவர் கல்லூரிக் கட்டணம், வாடகை, அதன் பிறகு கார்டு என்று போக வேண்டும், கார்டின் வட்டிதான் அதிகம் என்றாலும். கார்டு நிறுவனத்திடம் பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், தாமதமானால் போவது பணம். கட்டணம் தாமதமானால் படிப்பே போகலாம்.

நெருக்கடியில் இருக்கும் மாணவரைத் தேடி வரும் இரண்டு பேரிடம் எச்சரிக்கையாக இருங்கள். "உன் கட்டணத்தை நான் கட்டுகிறேன், தள்ளுபடி விலையில் எனக்குக் கொடு" என்பவர் திருட்டுக் கார்டில் கட்டுபவராக இருக்கலாம். பிடிபடும்போது கட்டணம் திரும்பப் போகும், நீங்கள் கொடுத்த பணமும் போகும். "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பவருக்கு வேண்டியது மோசடிப் பணத்தைக் கடத்த ஒரு பெயர். குற்ற வழக்கு உங்கள் பெயரில் வரும். படிப்பு முடிந்து கிளம்பும்போது கணக்கை யாருக்கும் விற்காதீர்கள். வீட்டு முன்பணம் திரும்ப வந்து, கடைசி பில்லும் கட்டிய பிறகு வங்கியில் எழுதிக் கொடுத்துக் கணக்கை மூடிவிட்டு, மூடியதற்கான கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.